கொள்ளைக்கார ஈயைப் பக்கவாட்டில் படமெடுங்கள்

பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும் கொள்ளைக்கார ஈக்களில் உலகெங்கும் 7,000-க்கும் அதிகமான இனங்கள் உண்டு. இரு கண்களுக்கு நடுவே பள்ளமும் முகத்தில் மீசை மயிரும் தெரிந்தால் குடும்பம் இதுதான் எனலாம். எந்த இனம்? அங்கேதான் சிக்கல்.

பிரிட்டனின் இரண்டு இனங்களைப் பார்ப்போம். நியோயிடாமஸ் சயனூரஸ், டிஸ்மேக்கஸ் டிரைகோனஸ் இரண்டுமே மங்கிய பழுப்புச் சாம்பல் நிறம். மேலிருந்து எடுத்த படத்தில் குழப்பிவிடும். பக்கவாட்டுப் படத்தில் குட்டு வெளிப்படும். டிஸ்மேக்கஸுக்கு மார்பின் முன்பகுதி வரை நீண்ட முரட்டு மயிர்கள் குதிரைப் பிடரி போல நிமிர்ந்து நிற்கும். நியோயிடாமஸுக்கோ தொடை கறுப்பு, கீழ்க்கால் ஆரஞ்சு, அதன் நுனி மட்டும் கருமை. பெண் ஈயின் வால்முனையில் மெலிந்து நீண்ட, பளபளக்கும் முட்டையிடும் உறுப்பும் இருக்கும்.

இடத்தையும் தேதியையும் குறித்துக்கொள்வது அவசியம். ஓக் காட்டில் நியோயிடாமஸையும், மணற்பாங்கான இடத்தில் டிஸ்மேக்கஸையும் முதலில் சந்தேகிக்கலாம்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். வெயில் அதை மாற்றிக் காட்டும், வயதான ஈயின் மயிர் உதிர்ந்தும் போகும். முகம், கால், இறக்கை நரம்பு, வால்முனை நான்கும் தெளிவாக விழும்வரை கோணம் மாற்றி எடுக்கலாம். இரையைக் கவ்வியிருக்கும் ஈ சற்று நேரம் ஒரே இடத்தில் அமர்ந்திருக்கும். நெருங்க அதுவே நல்ல தருணம்.