மறுப்பும் மறுமொழியும்: ஒரு வேதியியல் கட்டுரையின் வரலாறு

கருத்தரங்கில் மாணவர் கட்டுரை வாசித்து முடித்ததும் நாம் இரண்டே சொல்கிறோம்: ஒன்று ‘நன்று’, மற்றொன்று சந்திப்பிழை. பொருள் குறித்து எவரேனும் ஐயம் எழுப்பினால் வாசித்தவர் முகம் வாடிவிடுகிறது. கருத்துரை வழங்கலும் அதற்கு மறுமொழி கூறலும் எங்ஙனம் நிகழ்ந்தன என்பதற்கு வேதியியலிலிருந்து ஒரு சான்று காண்போம். தமிழாசிரியனுக்கு வேதியியல் எதற்கு என வினவுவோர் பொறுத்தருள்க.

சூரிக் நகரில் பேராசிரியராயிருந்த ஹெர்மன் ஸ்டௌடிங்கர் 1920-இல் பலபடிகள், அதாவது பாலிமர்கள், பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இரப்பர் முதலியன சிறு மூலக்கூறுகள் ஒட்டித் திரண்டவை என்பதே அந்நாளில் பலரும் ஏற்ற கொள்கை. அவரோ, அவை வழக்கமான வேதிப்பிணைப்பால் தொடர்ந்த நெடுஞ்சங்கிலிகள் என்றார். மறுப்புகள் எழுந்தன.

இரட்டைப் பிணைப்புகளின் எஞ்சிய ஈர்ப்பே இரப்பரின் சிறு வளையங்களைத் திரளாகக் கட்டி வைத்துள்ளது என்பது எதிர்த்தரப்பார் வாதம். அங்ஙனமாயின், ஹைட்ரஜனைச் சேர்த்து அவ்விரட்டைப் பிணைப்புகளை நீக்கினால் திரள் கலைந்து, எளிதில் ஆவியாகும் பொருள் கிடைத்தல் வேண்டும். 1922-இல் ஸ்டௌடிங்கர் உடனாய்வாளர் ஒருவருடன் அதனைச் செய்து பார்த்தார். அத்தகைய பொருள் கிடைக்கவில்லை. கிடைத்தது இரப்பரைப் போன்றே கூழ்மக் கரைசல் தந்தது. மறுப்பவர் கூற்றையே எடுத்துக்கொண்டு, அது மெய்யாயின் என்ன நிகழ வேண்டும் எனக் கேட்ட இம்முறை மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது.

நோபல் பரிசு பெற்ற ஹென்ரிக் வீலாண்டு, பெருமூலக்கூறு எண்ணத்தைக் கைவிடுமாறும், இரப்பரைத் தூய்மை செய்தால் அது படிகமாகிச் சிறு மூலக்கூறெனப் புலப்படும் என்றும் நண்பர் முறையில் அறிவுரை கூறியதாக ஸ்டௌடிங்கர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். இதன் முற்பகுதி வெறும் முன்முடிபு. பிற்பகுதி செய்து பார்க்கத்தக்கது. பிழையான கருத்துரையிலும் பயன்படும் பகுதி இருத்தல் கூடும்.

1926-இல் டூசல்டார்ப் நகரில் நிகழ்ந்த கூட்டத்தில் வேறொரு தடை விவாதிக்கப்பட்டது. எக்ஸ் கதிர் ஆய்வில் படிகத்தின் அலகுக்கூடு சிறிதாகவே காணப்படுகிறது. மூலக்கூறு அதனினும் பெரிதாதல் எங்ஙனம் என்பது அது. அவ்வாய்வில் வல்லவரான ஹெர்மன் மார்க், ஒரே சங்கிலி பல கூடுகளினூடே செல்ல இயலும் என்று விளக்கினார். தடையை நீக்கியவர் பிறிதொரு துறை அறிந்தவர்!

இனி வருத்தத்திற்குரிய பகுதி. நெடுஞ்சங்கிலிகள் விறைத்த கோல்கள் என்று ஸ்டௌடிங்கர் கருதினார். அவை நெகிழ்ந்து சுருள்வன என்று 1930-களில் மார்க்கும் வெர்னர் கூனும் பிறரும் எடுத்துரைத்தனர். பிறர் மறுப்பைச் சோதனையால் வென்ற அவர், இக்கருத்துரையை நெடுங்காலம் ஏற்கவில்லை. 1953-இல், தம் 72-ஆம் வயதில், பெருமூலக்கூறு ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றார். கோல் கொள்கையை வேதியியலார் கைவிட்டுவிட்டனர்.