உபாத்தியாயரிடம் குறை கேட்பது

ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி ஜில்லாக்களில் அரசாங்கப் பள்ளிகளில் வேலை பார்க்கும் உபாத்தியாயர்களின் சௌகரிய அசௌகரியங்களை அவர்கள் வாயாலேயே கேட்டுத் தொகுக்கும் காரியத்தில், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், சில நண்பர்களோடு நானும் ஈடுபட்டேன். குப்பம் முதல் சத்தியவேடு வரை அலைந்து கற்றவை, இனி இதில் இறங்குகிறவர்களுக்கு உபயோகப்படக்கூடும்.

ஆரம்பப் பள்ளிகளின் இடைநிலை ஆசிரியர்களான எஸ்.ஜி.டி.க்களிடமிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். காரணம் இது: அரசியல் சட்டத்தின் 171-ஆவது விதி, மாநிலச் சட்ட மேல்சபை ஸ்தானங்களில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கும்படி ஒதுக்கியிருக்கிறது. ஆனால், உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத ஸ்தாபனங்களில் மூன்று வருஷமாவது போதித்தவர்களுக்கே அந்த வாக்குரிமை. ஆகவே, கிழக்கு ராயலசீமா ஆசிரியர் தொகுதியில் தேர்தல் வந்தால், உயர்நிலைப் பள்ளி ஸ்கூல் அசிஸ்டெண்டின் வீட்டு வாசலுக்கு வந்து குறை கேட்க வேட்பாளர்கள் உண்டு. மலையடிவாரக் கிராமத்தில் ஐந்து வகுப்புகளையும் ஒருவராகவே கட்டி மேய்க்கும் எஸ்.ஜி.டி.யை நாடி வருகிறவர் எவருமில்லை.

பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் காம்ப்ளெக்ஸ் மீட்டிங்கில் கேள்விப் படிவத்தை நீட்டுவது சுலபம், பிரயோஜனம் சொற்பம். மண்டலக் கல்வி அதிகாரியும் தலைமையாசிரியரும் அமர்ந்திருக்கும் சபையில் குறையேதும் இல்லை என்று எழுதிக் கொடுத்த அதே அம்மாள், புத்தூர் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில், பள்ளிக்குப் புதுக் கழிப்பறை வந்தும் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாமையால், காலையிலிருந்து சாயங்காலம் வரை தாகத்தை அடக்கிக்கொண்டு பாடம் நடத்துவதாகச் சொன்னார். மாறுதல் கவுன்சிலிங் நடக்கும் மாதங்களையும் தவிர்ப்பது நலம். அப்போது எந்தக் கஷ்டத்தைக் கேட்டாலும் பேச்சு மாறுதலில்தான் போய் முடியும்.

இவற்றினும் முக்கியமானது கேள்வியின் அமைப்பு. வசதிகள் திருப்திகரமா என்று கேட்டால், பரவாயில்லை என்பதற்குமேல் பதில் வராது. நேற்றுக் காலை மணி அடித்தது முதல் வீடு திரும்பும் வரை என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்: தம் முகத்தைப் படம் எடுத்து வருகை பதிந்தது, மதியச் சாப்பாட்டைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்றியது, சிக்னல் கிடைக்காமல் மைதானத்து மூலைக்கு நடந்தது, இவ்வளவுக்கும் இடையில் இரண்டாம் வகுப்பு கூச்சலிட்டது எல்லாம் வரிசையாக வரும். 2022 ஆகஸ்டில் முகப்பதிவுச் செயலி வந்தபோது, சொந்தக் கைப்பேசியில் அதை ஏன் வைக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் கிளப்பிய ஆட்சேபம் பலருக்கு நினைவிருக்கும். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஜனத்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கன்றிப் போதனை சாராத வேலையில் ஆசிரியரை அமர்த்தலாகாது என்கிறது. செயலி வேலையை ஒருவரும் தனி வேலையென்று கணக்கில் எழுதாமையால் அது அந்தப் பிரிவுக்கு அகப்படாமல் நழுவிவிடுகிறது. ஆகையால், மனக்குமுறலை எழுதுவதோடு, எத்தனை நிமிஷம் போயிற்று என்பதையும் எழுதி வாங்குங்கள். அதிகாரிகள் குமுறலுக்கு அனுதாபம் தெரிவிப்பார்கள். நிமிஷங்களுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

திருத்தணி 1960-இல் சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த பிறகும் நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கங்களில் தமிழ் வழிப் பள்ளிகள் எஞ்சி நிற்கின்றன. அங்கே தமிழிலும் ஒரு படிவம் கொண்டுபோங்கள். பாடப்புத்தகம் தாமதிப்பதையும், ஓய்வு பெற்ற தமிழாசிரியரின் இடம் காலியாகவே கிடப்பதையும் அங்குள்ள ஆசிரியர்கள் விஸ்தாரமாக எழுதுவார்கள்.

பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ரகசியம் காப்பாற்றப்பட்டதாக எண்ணுவது பேதைமை. ஓராசிரியர் பள்ளியில் ஊரின் பெயரே ஆசிரியரின் பெயர். வேலையில் சேர்ந்த வருஷம், பஸ் மாறும் இடம் என்று இரண்டு விவரம் சேர்ந்தாலும் ஆள் இன்னாரென்று மண்டலம் முழுவதும் தெரிந்துவிடும். விடைகளை மண்டல வாரியாக மட்டும் தொகுத்து, ஜில்லாக் கல்வி அதிகாரியிடம் சமர்ப்பிக்குமுன் சொன்னவர்களுக்கே ஒருமுறை வாசித்துக் காட்டி, வேண்டாமென்று அவர்கள் சொல்லும் வரியை அடித்துவிட வேண்டும். ஆசிரியர் சங்கங்களில் பொறுப்பிலிருக்கும் நண்பர்கள், அடுத்த படிவம் அச்சிடும்போது, பள்ளியின் பெயருக்கென்று விடும் கட்டத்தை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.