சீருடை காட்டிய வழி

நுழையும்முன்
தோளில் துப்பாக்கி ஏந்தும் உரிமை ஒரு காலத்தில் இந்திய மாணவனுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அவ்வுரிமை கல்லூரி வளாகத்துக்குள் எவ்வாறு வந்தது, வந்தபின் யாரை எங்கே கொண்டு சேர்த்தது என்பதைப் பேசுகிறது இப்பாடம்.

மலைக்கோட்டையின் அடிவாரத்தில்

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கள்ளக்குறிச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பாக வருவது தியாகதுருகம். ஊருக்குத் துணையாக நிற்கும் பாறைக்குன்றின்மேல் பழைய கோட்டையின் இடிபாடுகள் இன்றும் உள்ளன. கருநாடகப் போர்களின்போது பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இக்கோட்டைக்காக மோதினர். 1761இல் அது ஆங்கிலேயர் வசமானது. 1790இல் திப்பு சுல்தானின் படை அதனை முற்றுகையிட்டது. கோட்டை இருந்தது நம் மண்ணில். அதை யார் காப்பது, யாரிடம் விடுவது என்ற முடிவோ இங்குள்ள உழவர்களின் கையில் இல்லை.

அடுத்த நூற்றாண்டில் நிலைமை இன்னும் இறுகியது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், உரிமம் இன்றி இந்தியர் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. ஐரோப்பியருக்கு அத்தடையிலிருந்து விலக்கு அளித்தது. ஒருவன் தன் நாட்டைக் காக்கும் தகுதி உடையவனா என்பதை அவனது பிறப்பே முடிவு செய்தது. மாணவர் படையின் வரலாற்றை இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும்.

கல்கத்தாவில் ஒரு மாணவர்

முதல் உலகப்போர் நீண்டுகொண்டே போனது. படைக்கு ஆள் போதவில்லை. 1917இல் ஆங்கில அரசு வேறு வழியின்றிப் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் படைப்பயிற்சி அளிக்க முன்வந்தது. போர் முடிந்தபின், 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அது பல்கலைக்கழகப் பயிற்சிப் படையாக மாறியது. அரசின் நோக்கம் மாணவர் நலம் அன்று. ஆயினும் கொடுத்தவர் நோக்கமும் பெற்றவர் பயன்பாடும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

அந்த முதல் அணியில் சேர்ந்தவர்களுள் ஒருவர் சுபாஷ் சந்திர போஸ். ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் தாக்கப்பட்ட நிகழ்வை ஒட்டி, 1916இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியிலிருந்து அவர் நீக்கப்பட்டிருந்தார். வங்காளிகளுக்கென அமைந்த 49ஆம் படைப்பிரிவில் சேர முயன்றார். பார்வைக் குறைபாடு காரணமாகத் தேர்வாகவில்லை. பின்னர் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் மெய்யியல் பயின்றபோது பல்கலைக்கழகப் படை அவருக்கு இடம் தந்தது. சில ஆண்டுகளுக்கு முன்தான் துறவியரைத் தேடி வடநாட்டுத் தலங்களில் அலைந்தவர் அவர். இப்போது ஆங்கிலேய அதிகாரியின் ஆணைக்குக் கால்மாற்றி நடந்தார். மாதக்கணக்கில் கூடாரத்தில் வாழ்ந்தார். குறிபார்த்துச் சுடக் கற்றார்.

இந்தப் பயிற்சியைப் போஸ் தம் தன்வரலாற்று நூலில் மகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறார். வில்லியம் கோட்டைக்குள் சென்று துப்பாக்கிகளைப் பெற்றுக்கொண்டபோது, அயலாரின் கொடையை வாங்குவதாக அவர் உணரவில்லை. நியாயமாகத் தமக்குரியதை மீட்டுக்கொண்ட நிறைவே அவருக்கு ஏற்பட்டது. ஆயுதச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டு இதனை எண்ணிப் பாருங்கள்.

1928இல் கல்கத்தாவில் காங்கிரசு மாநாடு கூடியபோது, சீருடை அணிந்த தொண்டர் படையை அணிவகுத்து நடத்தியவர் போஸ். 1943இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றவரும் அவரே. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர் பலர் அப்படையில் சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கல்லூரி வாயிலைக் கண்டவர் அல்லர். ஒரு மாணவர் அணியில் ஒருவர் கற்ற அணிநடை, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் கடல்கடந்து இவர்களைச் சென்றடைந்தது. ஆங்கில அரசு இதனை எதிர்பார்த்திருக்காது.

விடுதலைக்குப் பின்

1946இல் எச்.என். குன்சுரு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையின்படி 1948இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழித் தேசிய மாணவர் படை தோன்றியது. அடுத்த ஆண்டே மாணவியர் பிரிவும் உருவானது. இப்படையில் பயின்றவர் கட்டாயம் இராணுவத்தில் சேர வேண்டும் என்ற விதி இல்லை. இது சிறிய செய்தி போலத் தோன்றலாம். உண்மையில் இதன் உயிர்நாடி இதுவே. சீனப்போருக்குப் பின் 1963இல் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. 1968இல் மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. அதே ஆண்டில், அணிநடை ஆணைச் சொற்கள் இந்தியில் இருப்பதற்குத் தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பு சட்டமன்றம் வரை சென்றது. ஒழுங்கைக் கற்பிக்கும் மொழி எது என்பதும் எளிய வினா அன்று.

விருப்பம் எவ்வாறு முதிர்கிறது என்பதற்கு விக்ரம் பத்ராவின் வாழ்வு நல்ல சான்று. இமாச்சலப் பிரதேசத்தின் பாலம்பூரில் ஆசிரியக் குடும்பத்தில் பிறந்தவர். சண்டிகர் டி.ஏ.வி. கல்லூரியில் சேர்ந்ததும் தேசிய மாணவர் படையின் வான்படைப் பிரிவில் இணைந்தார். பின்னர்த் தரைப்படைப் பிரிவுக்கு மாறி 'சி' சான்றிதழ் பெற்றார். 1994ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்பில் தில்லியில் நடந்தார். மறு ஆண்டு, ஆங்காங்கைத் தலைமையிடமாகக் கொண்ட கப்பல் நிறுவனத்தில் அவருக்கு வேலை உறுதியானது. நல்ல ஊதியம், உலகம் சுற்றும் வாய்ப்பு. அதனை வேண்டாம் என்று விட்டு இராணுவத்தைத் தேர்ந்தெடுத்தார். கேள்வியறிவால் மட்டும் எடுத்த முடிவன்று அது. முகாமில் உறங்கியும், வெயிலில் நின்றும், ஆணைக்குப் பணிந்தும், பின்பு தாமே ஆணையிட்டும் அறிந்தபின் எடுத்த முடிவு.

1999 கார்கில் போரில் 5140ஆம் முனையை மீட்ட அணியை அவர் வழிநடத்தினார். சூலை 7ஆம் நாள் 4875ஆம் முனையில், காயமுற்ற தோழரைக் காக்க முனைந்தபோது உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 24. அதற்கு நான்கு நாள் முன்னர்க் கலூபாரில் வீழ்ந்த மனோஜ் குமார் பாண்டேயும் பள்ளிப் பருவத்திலேயே உத்தரப்பிரதேசத்தின் சிறந்த மாணவர் படை வீரராகத் தேர்வானவர். கார்கில் போருக்காகப் பரம்வீர் சக்ரா பெற்றோர் நால்வர்; அவர்களுள் இருவர் இவர்கள்.

படைக்கு வெளியே சென்றோரும் உண்டு. 1972இல் இந்தியக் காவல் பணியில் சேர்ந்த முதல் பெண்ணான கிரண் பேடி, அமிர்தசரசில் பள்ளி மாணவியாக இச்சீருடையை அணிந்தவர்.

இங்கிருந்து செல்லும் சாலை

தியாகதுருகத்திலோ கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றிலோ தமிழ்வழியில் படிக்கும் மாணவிக்கு இவ்வரலாற்றால் என்ன பயன்? படை அதிகாரியாக விரும்பும் பட்டதாரி, ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வை எழுத வேண்டும். ஆங்கிலத்துக்கெனத் தனித்தாள் உண்டு. பொது அறிவுத் தாளும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அமையும். தமிழ்வழி மாணவர் பலர் இந்த முதற்கதவிலேயே தயங்கி நின்றுவிடுகின்றனர்.

தேசிய மாணவர் படையினர்க்கான சிறப்பு நுழைவு இங்கேதான் உதவுகிறது. 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' தரமும், பட்டப்படிப்பில் 50 விழுக்காடும் பெற்றவர்கள் எழுத்துத் தேர்வு இன்றியே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பங்களிலிருந்து தெரிவு செய்யப்படுவோர் நேரடியாகத் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் நேர்காணலுக்கு அழைக்கப்படுவர். ஆண், பெண் இருபாலருக்கும் இது பொருந்தும். ஆனால் சான்றிதழே பதவி ஆகிவிடாது. பத்ரா தேர்வெழுதித்தான் நுழைந்தார். நேர்காணலிலும் குழுப்பணிகளிலும் ஆங்கிலம் தேவைப்படும். எனவே மொழித்தடை மறைந்துவிடவில்லை. பட்டப்படிப்புக் காலம் அளவுக்குத் தள்ளி வைக்கப்படுகிறது. அந்த இடைவெளியில் ஒரு மாணவி நூறு பேர் முன் நின்று குரலெழுப்பி ஆணையிடப் பழகியிருப்பாள்; பிற மாநிலத்தாரோடு முகாமில் தங்கி உடைந்த ஆங்கிலத்தில் பேசி நகைத்திருப்பாள். இந்த வாய்ப்பும் எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை. இருக்கும் கல்லூரியிலும் இடங்கள் சிலவே. ஆகையால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே அங்கு மாணவர் படை உண்டா என்று கேட்டறிவது நல்லது.

தியாகதுருகத்துச் சாலை உளுந்தூர்ப்பேட்டையில் திருச்சி நெடுஞ்சாலையோடு சேர்ந்து சென்னைக்குச் செல்கிறது. தாம்பரம் கடந்தால் பரங்கிமலை. 1963இல் தொடங்கப்பட்ட அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி, இன்று அகாதெமி என்னும் பெயருடன் அங்கே இயங்குகிறது. அதன் அணிநடைத் திடல், அங்கே பயின்று 1987இல் களத்தில் உயிரீந்த தமிழர் மேஜர் இராமசாமி பரமேசுவரனின் பெயரைத் தாங்கியுள்ளது. 1992 முதல் பெண்களும் அங்குப் பயில்கின்றனர். 49 வாரப் பயிற்சி முடிவுறும் நாளில், புதிய அதிகாரியின் தோளில் விண்மீன்களைப் பொருத்துவோர் பெற்றோர். அவர்களுள் சிலர் அன்றுதான் முதன்முறையாக ஒரு படைவளாகத்துக்குள் காலெடுத்து வைப்பவர்கள்.