முதலில் முகவரியைக் கேளுங்கள்

போலீஸ்காரரின் சட்டை, தீயணைப்பு வீரரின் கால்சட்டை, குப்பை அள்ளுபவரின் மஞ்சள் மேலுடுப்பு, நகர மருத்துவமனை நர்ஸின் உடுப்பு. அமெரிக்க நகரங்கள் வரிப்பணத்தில் வாங்கும் துணிகள் இவை. தைப்பவர்களைக் கசக்கிப் பிழியும் ஸ்வெட்ஷாப்களிலிருந்து இவற்றை வாங்காதீர்கள் என்று நகர மன்றங்களிடம் கேட்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். இங்கே குடியேறிய நம் வீட்டுப் பிள்ளைகளும் சிலர் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. கேட்டதால் சொல்கிறேன், தம்பி தங்கைகளே.

1. கோஷம் அப்புறம், காகிதம் முதலில். கொள்முதல் பிரிவில் சீருடை ஒப்பந்தங்களின் நகல் கேளுங்கள். நம்மூர் தகவல் உரிமைச் சட்டம் போல இங்கே ஒவ்வொரு மாநிலத்திலும் பொது ஆவணச் சட்டம் உண்டு. யாரிடம் வாங்குகிறார்கள், ஆண்டுக்கு எவ்வளவு, ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது என்ற மூன்றும் வேண்டும். மூன்றாவதைத்தான் பலர் கேட்க மறக்கிறார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் போன மாதம் கையெழுத்தாகியிருந்தால், நீங்கள் எழுதவைக்கும் நிபந்தனை அடுத்த டெண்டர் வரை சும்மா கிடக்கும். இன்னொன்று: சில ஊர்களில் போலீசாருக்குச் சீருடைப் படி கொடுத்து அவர்களையே வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். அந்தச் சட்டை உங்கள் சட்டத்துக்குள் வராது. இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் மேடை ஏறாதீர்கள்.

2. தைத்த இடத்தின் முகவரியைக் கேளுங்கள். நகரம் எந்த ஆலையிடமும் நேரே வாங்குவதில்லை. விநியோகஸ்தரிடம் வாங்குகிறது. அவர் பிராண்டிடம் வாங்குகிறார். பிராண்டு டாக்காவிலோ ஹோண்டுராஸிலோ திருப்பூரிலோ ஆர்டர் கொடுக்கிறது. அங்கிருந்து பாதி வேலை ஜாப் ஒர்க்காக வேறொரு சந்துக்குள் போய்விடும். 'எங்கே தைத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாதே' என்று விநியோகஸ்தர் சொல்வது பல நேரம் பொய்யல்ல. தெரிந்துகொள்ள அவருக்கு இதுவரை அவசியமே வந்ததில்லை, அவ்வளவுதான். அந்த அவசியத்தை உண்டாக்குவதே உங்கள் வேலை. ஆலையின் பெயரும் முகவரியும் டெண்டரோடு வரவேண்டும். யார் கேட்டாலும் காட்டும் ஆவணமாக இருக்கவேண்டும். கூலி, ஓவர்டைம், சங்க உரிமை எல்லாம் வரைவில் அழகாக எழுதலாம். எந்த வாசலில் போய் விசாரிப்பது என்று தெரியாவிட்டால் அவற்றால் என்ன பயன்? 2003-ல் தொடங்கிய ஸ்வெட்ஃப்ரீ கம்யூனிட்டீஸ் அமைப்பு, அரசு ஊழியர்களின் சீருடை தைக்கும் ஆலைகளைப் பல நாடுகளில் தேடிப் பிடித்து, அங்குள்ள தொழிலாளர்களிடம் பேசி 2008-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மன்ற உறுப்பினர்கள் நிமிர்ந்து உட்காருவது அந்த மாதிரி விவரத்துக்குத்தான்.

3. எந்த நாட்டின் பெயரையும் சட்டத்தில் எழுதாதீர்கள். பர்மாவோடு வியாபாரம் செய்யும் கம்பெனிகளை ஒதுக்கி மாசசூசெட்ஸ் மாநிலம் 1996-ல் ஒரு கொள்முதல் சட்டம் போட்டது. நோக்கம் நல்லதுதான். ஆனால் மத்திய அரசின் பர்மா சட்டத்தோடு அது முட்டுகிறது என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளிவிட்டது. ஆலை நடந்துகொள்ளும் விதத்தை அளவாக வையுங்கள், அது எந்த நாட்டில் இருந்தாலும் சரி. 'அமெரிக்காவில் தைத்ததை வாங்கினால் போதுமே' என்பவர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவருக்கு எல் மான்டேயைச் சொல்லுங்கள். 1995 ஆகஸ்டில், லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் முள்கம்பி போட்ட ஒரு குடியிருப்புக்குள் அடைத்துவைத்துத் தையல் வேலை வாங்கப்பட்ட 72 தாய்லாந்துத் தொழிலாளர்கள் மீட்கப்பட்டார்கள். கலிஃபோர்னியா தன் ஆடைத் தொழிலில் பீஸ் ரேட் கூலியைத் தடைசெய்த சட்டமே 2022-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

4. சான்றிதழைக் கண்டு மயங்காதீர்கள். 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆலை எரிந்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அதற்கு எஸ்ஏ 8000 என்ற தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்திருந்தது. ஆலை முதலாளியோ பிராண்டோ காசு கொடுத்துக் கூப்பிடும் ஆடிட்டர், முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவார். சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது தொழிலாளியிடம் கேள்வி கேட்பார். என்ன பதில் வரும்?

5. சட்டம் நிறைவேறிய இரவில் கேக் வெட்டுங்கள், தப்பில்லை. மறுநாள் காலை பட்ஜெட்டைக் கையில் எடுங்கள். 1997-ல் ஒஹாயோவின் நார்த் ஓல்ம்ஸ்டெட் என்ற சிறிய ஊர், நகரங்களிலேயே முதலாவதாக இப்படிச் சட்டம் போட்டது. 2001-ல் மெய்ன், மாநிலங்களில் முதலாவது. பின்னால் எத்தனையோ ஊர்கள் தீர்மானம் போட்டன. அவற்றில் பல ஏட்டுச் சுரைக்காய்தான். சரிபார்க்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸும் (2004) சான் பிரான்சிஸ்கோவும் (2005) ஒரு படி மேலே போய், கம்பெனிக் காசு வாங்காத வொர்க்கர் ரைட்ஸ் கன்சார்டியத்தை விசாரணைக்கு அமர்த்தின. சின்ன ஊருக்கு அந்தச் செலவு கட்டாது என்றால் நாலு ஊர் சேர்ந்து செய்யுங்கள். 2010-ல் நகரங்களும் மாநிலங்களும் கூடித் தொடங்கிய கொள்முதல் கூட்டமைப்பு அந்த யோசனையில் பிறந்ததுதான்.

6. மன்றத்தில் பேச இரண்டு நிமிடம் தருவார்கள், தாராளமானவர்கள் மூன்று. உலகமயமாக்கல் வரலாற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

7. கொள்முதல் அதிகாரியைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். குறைந்த விலைக்காரருக்கே கொடு என்று விதி அவர் கையைக் கட்டியிருக்கிறது. கட்டை அவிழ்க்கும் வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போனால், நன்றி சொல்லி வாங்கிக்கொள்பவர்கள் அந்தப் பிரிவில் உண்டு. மேயர் நாலு வருடத்தில் மாறிவிடுவார். கொள்முதல் மேஜையில் இந்த அதிகாரியே இருப்பார்.

8. இதைத்தான் நான் அடிக்கடி சொல்லி ஏச்சு வாங்குகிறேன்: தப்புக் கண்டதும் ஒப்பந்தத்தை ரத்துசெய் என்று கத்தாதீர்கள். ஆர்டர் நின்றால் முதலில் வீட்டுக்குப் போவது தைக்கும் பெண்தான். புகார் சொன்னவளுக்கே வேலை போனால், அடுத்த ஆலையில் யார் வாய் திறப்பார்கள்? திண்டுக்கல்லைப் பாருங்கள். நாச்சி அப்பேரலில் வேலை பார்த்த இளம் தலித் பெண்ணொருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் நின்று, பாலியல் தொல்லைக்கு எதிராக 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தையும் எச்&எம் போன்ற பிராண்டையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வாங்கியது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துகொண்டிருந்தபோது, ஜூலைக் கடைசியில், அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலைச் சரக்குக்குத் தடை போட்டது! தடையை நீக்கச் செப்டம்பர் ஆயிற்று. வாஷிங்டனில் நல்லெண்ணம் இல்லை என்று சொல்லமாட்டேன். உள்ளூர்ச் சங்கத்தின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு அடி எடுத்து வைத்திருக்கலாம்.

அதனால் உங்கள் வரைவில் இப்படி ஒரு பிரிவு இருக்கட்டும்: குற்றம் தெரிந்தால் முதலில் சரிசெய்யத் தவணை, அந்த ஆலைத் தொழிலாளர்களையும் அவர்கள் சங்கத்தையும் கேட்டபின் முடிவு, எதுவும் நடக்காவிட்டால் மட்டும் ரத்து. தவணை எத்தனை நாள் என்று எழுதாமல் விட்டால் வக்கீல்கள் அதில் வருடக்கணக்கில் குடியிருப்பார்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.