தேர்ச்சி விழுக்காடு சொல்வதும் சொல்லாததும்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவு வெளியானதும் ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் எண் கிடைக்கிறது. அதுதான் தேர்ச்சி விழுக்காடு. சென்ற ஆண்டை விட அது குறைந்திருந்தால், மீளாய்வுக் கூட்டத்தில் பாட ஆசிரியர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். தூத்துக்குடிக் கடற்கரைப் பகுதியில் கணிதம் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர் என்ற முறையில், அந்த எண்ணை எப்படிப் படிக்கலாம் என்பது பற்றிச் சில கருத்துகளை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, தூத்துக்குடி மாவட்டத்தில் 86.16 விழுக்காடு. பெருமைப்பட வேண்டிய சராசரிதான். ஆனால் உப்பளத் தொழிலாளியின் மகளும், விசைப்படகில் கூலிக்குப் போகிறவரின் மகனும், துறைமுகத்தில் சுமை தூக்குபவரின் பிள்ளையும் இந்தச் சராசரிக்குள்தான் இருக்கிறார்கள். அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதைச் சராசரி காட்டாது.

ஒரு கணக்கு

விளக்கத்துக்காக ஒரு பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் ஆண்டில் பத்தாம் வகுப்பில் 100 பேர். அவர்களில் 60 பேரின் வீட்டில் யாரேனும் ஒருவர் பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறார். அந்த 60 பேரில் 54 பேர் தேர்ச்சி, அதாவது 90 விழுக்காடு. மீதி 40 பேர் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். அவர்களில் 24 பேர் தேர்ச்சி, 60 விழுக்காடு. பள்ளியின் தேர்ச்சி 78 விழுக்காடு.

அடுத்த ஆண்டும் 100 பேர். ஆனால் முதல் பிரிவில் 30 பேர், இரண்டாம் பிரிவில் 70 பேர். முதல் பிரிவில் 28 பேர் தேர்ச்சி. விழுக்காடு 93க்கு உயர்ந்துவிட்டது. இரண்டாம் பிரிவில் 46 பேர் தேர்ச்சி. அதுவும் ஏறத்தாழ 66 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. பள்ளியின் தேர்ச்சியோ 74 விழுக்காடு.

இரண்டு பிரிவும் முன்னேறியிருக்கின்றன. பள்ளியின் எண் மட்டும் நான்கு புள்ளி இறங்கியிருக்கிறது. 1951இல் இதை விளக்கிய புள்ளியியலாளர் எட்வர்ட் சிம்சனின் பெயரால் இது சிம்சன் முரண்பாடு எனப்படுகிறது. கூட்டத்தில் இந்தப் பள்ளி பின்தங்கிய பள்ளி. உண்மையில் அதிகம் உழைத்த பள்ளி. எண்ணை மட்டுமே பார்த்துக் கேள்வி கேட்டால் அதை உயர்த்த ஒரு குறுக்குவழி உண்டு: ஒன்பதாம் வகுப்பிலேயே பின்தங்கிய பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவது. விழுக்காடு கூடும்; பிள்ளை படிப்பை இழக்கும்.

மறுபக்கத் தவறு

இதற்கு நேர்மாறான தவறும் இருக்கிறது. "வீட்டுச் சூழல் அப்படி, நாம் என்ன செய்ய முடியும்" என்று சொல்லிவிடுவது. 1966இல் அமெரிக்காவில் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் குழுவினர் லட்சக்கணக்கான மாணவர்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை அளித்தனர். பள்ளியின் வசதிகளை விடக் குடும்பப் பின்னணியே மதிப்பெண்ணோடு அதிகம் தொடர்புடையது என்பது அதன் முடிவு. பள்ளியால் பயனில்லை என்று பலர் அதைப் புரிந்துகொண்டனர். ஆனால் ஆசிரியரின் தரம், வசதியான பிள்ளைகளை விடப் பின்தங்கிய பிள்ளைகளிடமே கூடுதல் மாற்றத்தை ஏற்படுத்துகிறது என்றும் அதே அறிக்கை கூறியது.

நமக்கு முன்னுதாரணம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பதைக் காமராசர் காரணமாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பின்னணியை அறிவது, நாம் செய்ய வேண்டியதைக் கண்டுபிடிக்கத்தான்.

எதைக் குறித்துக்கொள்ளலாம்?

முதலாவது, பெற்றோரின் வேலைப் பருவம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உப்பளங்களில் வேலை இராது. தை பிறந்ததும் பாத்தி சீரமைப்பு தொடங்கும். பெற்றோர் விடியும் முன்பே கிளம்பிவிடுவர். சமைத்து, தம்பி தங்கையைக் கிளப்பிவிட்டு வரும் மூத்த மகள் முதல் பாடவேளையைத் தவறவிடுகிறாள். நாம் திருப்புதல் தேர்வு நடத்தும் மாதங்களும் அவைதான். அவளுடைய வருகைப் பதிவை மாதவாரியாகப் பார்த்தால் இது தெரியும். அத்தகைய வகுப்பில் கணிதத் திருப்புதலை முதல் பாடவேளையில் வைக்காமல் மாற்றிக்கொள்ளலாம். பெற்றோரைச் சந்திக்க மழைக்காலமே ஏற்றது.

'மீனவர்' என்று ஒரே சொல்லில் எழுதிவிடுவதும் போதாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்கு உரியது. நாட்டுப்படகுகள் அப்போதும் கடலுக்குப் போகும். இரு வீட்டின் வருமானமும் ஒரே மாதத்தில் நிற்பதில்லை.

இரண்டாவது, பாடவாரியான மதிப்பெண். நான்கு பாடங்களில் 80 எடுத்து ஒன்றில் 34 எடுத்தவரும், ஐந்திலும் 15 எடுத்தவரும் விழுக்காட்டில் ஒன்றுதான். அரையாண்டுத் தேர்வில் 25 முதல் 34 வரை எடுத்தவர்களைத் தனியே பட்டியலிட்டால் யாருக்கு எந்தப் பாடம் தேவை என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது, ஒன்பதாம் வகுப்பின் தொடக்க நிலை. வகுத்தலே தெரியாமல் வந்தவர் 40 எடுப்பது, 70 எடுத்துக்கொண்டிருந்தவர் 72 எடுப்பதை விடப் பெரிய வளர்ச்சி.

சாதியைக் கொண்டு பிரிக்க இங்கே தேவையே இல்லை. நாங்குநேரி நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இடம்பெறக் கூடாது என்று பரிந்துரைத்தது. நமக்கு வேண்டியவை வேலை, பருவம், வருகை, மதிப்பெண் ஆகிய நான்குதான். அந்தக் குறிப்பும் ஆசிரியரின் கையேட்டில் இருக்க வேண்டும். வகுப்பில் படிக்கப்படக் கூடாது.

அடுத்த மீளாய்வுக் கூட்டத்துக்கு இந்த விவரங்களோடு ஒரு தாள் கூடுதலாகக் கொண்டு செல்வோம். இன்னொரு வேலையும் உண்டு. மே மாதம் முடிவு வரும்போது விசைப்படகுத் தொழிலாளியின் வீட்டில் வருமானம் நின்றிருக்கும். ஒரு பாடத்தில் தவறிய மகனை வெளியூர் வேலைக்கு அனுப்பும் முடிவு அந்த நாட்களில்தான் எடுக்கப்படுகிறது. துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளுக்கு முன் அந்த வீட்டுக்கு நேரில் சென்று பேசிவிட வேண்டும்.