ஊர் வேலை ஊர்க் கைகளில்: சமூக ஒப்பந்தம் பற்றி ஒரு பாடம்

பிரதேச சபை ஒரு மதகு கட்டுகிறது. ஓர் ஒழுங்கையைத் திருத்துகிறது. வேலை எமது ஊரில் நடக்கிறது. கூலியோ வெளியூருக்குப் போய்விடுகிறது. மீளக் குடியமர்ந்து, பற்றை வெட்டி, முதற்போக அறுவடைக்குக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தக் கூலி சிறிய விடயமல்ல.

கேள்விப்பத்திரம் மூலம் வேலை எடுப்பதற்கு ஒப்பந்தகாரர் பதிவு, பிணைப்பணம், கைமுதல் எல்லாம் வேண்டும். இடம்பெயர்ந்து வந்தவர்களிடம் இவை இல்லை. ஆனால் இன்னொரு வழி உண்டு. சிறிய வேலைகளை ஊர்ச் சங்கத்திடமே ஒப்படைக்கும் அந்த முறையே சமூக ஒப்பந்தம்.

எங்கிருந்து வந்தது?

1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தின்போது, கொழும்பின் வறிய குடியிருப்புகளில் வடிகால், மலசலகூடம் போன்ற வேலைகளை அங்கு வாழ்ந்த மக்களின் சபைகளுக்கே தேசிய வீடமைப்பு அதிகார சபை கொடுத்தது. 2006 இல் வெளியான அரசாங்கப் பெறுகை வழிகாட்டியும் மக்கள் அமைப்புகளுக்கு இடமளித்தது. ஆகவே சங்கம் வேலை கேட்பது பிச்சை கேட்பதல்ல. தொகையின் உச்ச எல்லையும் நிபந்தனைகளும் காலத்துக்குக் காலம் மாறுவன. நடைமுறையிலுள்ளதைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியுங்கள்.

சங்கத்திடம் இருக்க வேண்டியவை

1. செல்லுபடியான பதிவு. இடப்பெயர்வால் சிதறிய கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு எதுவாயினும் பொதுக்கூட்டம் கூட்டிப் புதிய நிர்வாகத்தைத் தெரிந்து, பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.
2. சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு.
3. கூட்டக் குறிப்பேடு, காசேடு, பற்றுச்சீட்டுக் கோவை.

பணம் எப்படி வரும்?

தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீடு செய்வார். வேலையை அளந்த பின்னரே கொடுப்பனவு வரும். அதுவரை சீமெந்துக் கடைக்கும் கூலிக்கும் யார் பொறுப்பு? முற்பணம் உண்டா என்பதை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் கேளுங்கள். உதாரணமாக, 5 இலட்சம் ரூபா வேலையில் பொருட்களுக்கு 3 இலட்சமும் கூலிக்கு 1½ இலட்சமும் போனால், மிஞ்சுவது 50 ஆயிரம். அதுவும் பழுது திருத்தவும், பிடித்துவைக்கப்படும் தொகை கைக்கு வரும்வரை சமாளிக்கவும் தேவைப்படும். அதனைப் பங்கிட அவசரப்படலாகாது.

பெயரை வாடகைக்கு விடாதீர்கள்

பெரிய ஆபத்து இதுவே. ஒப்பந்தகாரர் ஒருவர் வந்து, “சங்கத்தின் பெயரைத் தாருங்கள், நூற்றுக்கு இத்தனை வீதம் தருகிறேன்” என்பார். கையொப்பம் தலைவருடையது, வேலையும் இலாபமும் அவருடையவை. மதகு வெடித்தால் பதில் சொல்ல வேண்டியது சங்கமே. அடுத்த வேலையும் கிடைக்காது. எமக்கென்று திறந்த கதவை நாமே மூடுவது இது.

இதற்கு மருந்து வெளிச்சந்தான். மதிப்பீட்டுத் தொகை, வாங்கிய பொருள், கொடுத்த கூலி ஆகியவற்றை வாசிகசாலைச் சுவரில் ஒட்டுங்கள். யாருக்கு வேலை என்பதைக் கூட்டத்தில் தீர்மானியுங்கள். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களை மறவாதீர்கள். சமமான வேலைக்குச் சமமான கூலி.

கலந்துரையாடுவோம்

1. எமது சங்கம் இறுதியாகப் பொதுக்கூட்டம் கூடியது எப்போது?
2. ஊரில் மேசன், தச்சர், கணக்கெழுதத் தெரிந்தவர் யார் யார்?
3. பிரதேச சபையிடம் முதலில் கேட்கக்கூடிய சிறிய வேலை எது?