சிங்கத்தின் வம்சாவளி

சென்ற ஞாயிறன்று இவ்வூர்க் கத்ரஜ் விலங்குக்காட்சிச் சாலைக்குச் சென்றிருந்தேன். ஆசியச் சிங்கத்தின் வயிற்றடியில் நீளவாட்டில் தோல் மடிந்து தொங்கும். ஆப்பிரிக்கச் சிங்கத்தில் அம்மடிப்பு அரிது. அதைத் தோழர்களுக்குக் காட்டவே அழைத்துப் போனேன். சிங்கமோ நிழலில் படுத்தது படுத்தபடியே கிடந்தது!

கண்ணால் கண்டு மட்டும் இனம் பிரித்தல் எளிதன்று. அமெரிக்காவில் 'ஆசிய' இனமென்று பேணி வளர்த்த சிங்கங்களின் மூதாதைகள் ஐந்து; அவற்றுள் இரண்டு ஆப்பிரிக்க வழியின என்று 1987இல் மரபியலார் காட்டினர். நம் நாட்டில், பஞ்சாபின் சத்பீர் சாலையில், சர்க்கஸிலிருந்து வந்த ஆப்பிரிக்கச் சிங்கங்களோடு ஆசியச் சிங்கங்கள் கலந்தன. குட்டிகள் பெருகின. பின்னர்ப் பல பின்கால் தளர்ந்து நோயுற்றன. ஆண்களுக்குக் கருத்தடை செய்து இனப்பெருக்கத்தை நிறுத்தினர்.

கலப்பே நோய்க்குக் காரணம் என்பாருண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கலப்பு பெரும்பாலும் வலிவே தரும். நலிவு தருவது உடன்பிறப்புகளுக்குள் நேரும் உறவு. எனினும் விதைநெல்லில் வேற்று நெல் கலக்கலாமா? 2025ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி காட்டிலுள்ள ஆசியச் சிங்கங்கள் 891. அத்தனையும் குஜராத் ஒன்றிலேயே. 2018இல் நாய்களைத் தாக்கும் 'டிஸ்டெம்பர்' நோய் அங்குப் பரவி இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் மாண்டன. அந்நோய் மீண்டும் பரவினால் கைகொடுக்க வேண்டியவை காட்சிச் சாலைச் சிங்கங்களே. ஆகவே ஒவ்வொன்றின் தாய் தந்தையையும் குறித்த ஏடு, கூண்டினும் முக்கியம்.

தோழர்கள் பாம்புப் பண்ணைக்குச் சென்றபின் சிங்கம் எழுந்தது. மடிப்பை நான் மட்டுமே கண்டேன்.